சேட்டைக்கு மாத்திரையா? பெற்றோருக்கு ஆரணியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

“வகுப்பில் உட்காருவதே இல்லை. நல்ல டாக்டரிடம் காட்டவும்.” பள்ளி டைரியில் சிவப்பு மையில் இரண்டே வரி. மூன்றாம் வகுப்புப் படித்த என் அக்கா மகனின் டைரி அது. மூன்று நாள் சாமி படத்துக்குக் கீழேயே கிடந்தது. மாமா தறிக்குழியை விட்டு எழவில்லை. பையனின் ஆயா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர், “அதுக்குப் போதை மாத்திரை குடுப்பாங்களாம், புள்ளை பொம்மை மாதிரி உக்காந்துடுமாம்” என்றார். வேலூரில் நர்ஸ் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண்ணோ, “சுகருக்கு மாத்திரை போடறதில்லையா மாமா, அந்த மாதிரிதான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தேடி அடுத்த இரண்டு வருடம் நாங்கள் வேலூர் பஸ்ஸில் அலைந்ததில் கற்றதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பது மட்டும் நம் வேலை.

படி 1: ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள்

ஏ.டி.ஹெச்.டி. என்பதைத் தமிழில் ‘கவனக் குறைவு, மிகை இயக்கக் கோளாறு’ என்கிறார்கள். இது செல்போன் காலத்தில் முளைத்த நோய் அல்ல. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றியிருக்கிறார். பெயர்தான் பலமுறை மாறியது.

இன்று டாக்டர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வரையறையில் (2013) கவனக் குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் 9 அறிகுறிகள். ஏதாவது ஒரு பட்டியலில் 6 இருக்க வேண்டும். 6 மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். இத்தனையும் சேர்ந்து பிள்ளையின் படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையிலேயே கெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் ஆடுகிற பிள்ளை என்றால், முதலில் அந்தப் பள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

ஓடாமல் ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம். பெண் பிள்ளைகளிடம் இந்த வகை அதிகம் தவறிப்போகிறது. யாருக்கும் தொந்தரவில்லாத பிள்ளைக்கு டைரியில் யார் எழுதப்போகிறார்கள்?

எங்கள் ஊரில் எல்லோரையும் குழப்பும் விஷயம் ஒன்று. எங்கள் பையன் லீவு நாளில் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்தான் என்றால், தார் சுற்றும்போது ஒரு மணி நேரம் அசைய மாட்டான். இழை எங்கே மெலிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். “இவனுக்கா கவனம் இல்லை? சரியான இடத்துல உக்கார வெச்சா உக்காருறான்” என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் சொன்னது வேறு. கவனம் இல்லாமல் இல்லை. வேண்டும்போது வேண்டிய இடத்தில் அதை நிறுத்த முடியவில்லை. சக்கரம் சுற்றுகிறது, நூல் ஓடுகிறது, கைக்கு உடனுக்குடன் பலன் தெரிகிறது. அங்கே கவனம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் அப்படி எதுவும் சுற்றுவதில்லை.

“படிப்பு ஏறலைன்னா தறியில போடு” என்பது பட்டு நெய்யும் ஊர்களின் பழைய வைத்தியம். உட்கார முடியாத எத்தனை பிள்ளைகள் அப்படி எட்டு வயதிலேயே பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குள் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தானது என்று பட்டியலிடப்படாத வீட்டுத் தொழிலில் கைகொடுப்பதற்கு விலக்கு உண்டு. ராட்டினத்தில் அமைதியாக உட்காருகிறான் என்பது பள்ளியை நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது.

படி 2: பிறந்த தேதியைப் பாருங்கள்

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதற்கு ஆய்வே இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிசம்பரில் பிறந்தவர்கள்தான் வகுப்பிலேயே சின்னவர்கள். 2012-இல் வெளியான ஆய்வின்படி, ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பர் பையன்களுக்கு இந்தப் பெயர் சூட்டப்படுவது 30 சதவீதம் அதிகம். மருந்து எழுதப்படுவது 41 சதவீதம் அதிகம். கிட்டத்தட்ட ஒரு வயது சின்னப் பையன் ஒரு வயது சின்னப் பையனைப் போல நடந்துகொண்டான், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஜூலை 31-க்குள் 5 வயது முடிந்தால் முதல் வகுப்பு. ஜூலை கடைசியில் பிறந்த பிள்ளையையும் முந்தைய ஆகஸ்டில் பிறந்த பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒப்பிடாதீர்கள். (ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட அந்தக் காலத்துத் தாத்தாக்கள் எத்தனை பேர் இதில் மாட்டியிருப்பார்களோ!)

டீச்சரின் குறிப்பு ஒரு தகவல், தீர்ப்பு அல்ல. 2013-இல் வெளியான கோவை ஆய்வு ஒன்றில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் 11.32 சதவீதம் பேர் இந்த வட்டத்துக்குள் வந்தார்கள். அது பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய கேள்வித்தாளை வைத்துச் சொன்னது. கேள்வித்தாள் வலை போன்றது, வேறு மீனும் சேர்ந்து சிக்கும்.

படி 3: வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள்

காது: தறி ஓடும் வீட்டில் எல்லோருமே உரக்கப் பேசுவோம், டிவியும் உரக்க ஓடும். பிள்ளைக்குக் காது மந்தம் என்றால் வீட்டில் தெரியவே தெரியாது, வகுப்பில்தான் தெரியும். கண்: கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம்தான் பேசும். தூக்கம்: வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்கு அடினாய்டு வீங்கியிருக்கலாம். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். குழந்தையோ ஆட்டம் போடும். ரத்தசோகையும் தைராய்டும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்கிற பிள்ளை என்றால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். கவனக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு.

கற்றல் குறைபாடு தனி, இது தனி. இரண்டும் ஒன்றாகவும் வரும். எழுத்து கலங்கித் தெரிகிற பிள்ளை புத்தகத்தை விட்டு ஓடத்தான் செய்யும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.ஹெச்.டி. தனியாக இல்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே பரிசோதிக்கச் சொல்லுங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வுச் சலுகைக்கு உதவும்.

கடைசியாக, வீடு. குடி, அடிதடி, கடன்காரன் வாசலில் நிற்பது. இவற்றுக்கு நடுவே பயந்து வளரும் பிள்ளையும் ஓரிடத்தில் நிற்காது. இதை டாக்டரிடம் சொல்ல நமக்கு நா எழாது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

படி 4: யாரிடம் போவது

முதலில், மெடிக்கல் ஷாப்பில் ‘மூளை டானிக்’ கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று பாட்டில் காலியானது. பையனுக்குப் பசி எடுத்தது, வாய்ப்பாடு ஏறவில்லை.

அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ என்றால், பரிசோதனைக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் ஏ.டி.ஹெச்.டி.யும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அவர்கள் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரும் உண்டு. எதுவும் புரியவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆரணிக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் சாலையிலேயே முதலில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, அடுத்து பாகாயம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம், அதற்குள் பிள்ளைகளுக்கென்று ‘நம்பிக்கை நிலையம்’. குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதற்குப் பெயர்பெற்ற இடம்.

தறி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு வருட நோட்டுகள், ரேங்க் கார்டு, டீச்சர் கைப்பட எழுதிய ஒரு கடிதம், பிரசவ கார்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் பையில் இருக்கட்டும். எங்கள் டாக்டர் அதிக நேரம் பார்த்தது கணக்கு நோட்டைத்தான். பக்கத்தின் மேல் பாதியில் எல்லாம் சரி. கீழே வரவரக் கூட்டலும் கழித்தலும் இடம் மாறியிருந்தன. இப்படி இருபது பக்கம். “கணக்கு தெரியுது. பக்கத்தோட கடைசி வரைக்கும் போக முடியல” என்றார்.

படி 5: மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

6 வயதுக்குக் கீழே என்றால், பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே அப்படித்தான் சொல்கிறது. அதற்கு மேலே என்றாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மருந்து தொடங்கினாலும் இது தொடர வேண்டியது.

“குளிச்சுட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, பையை எடுத்துக்கிட்டு வா” என்பது ஒரு கட்டளை இல்லை, மூன்று. ஒன்றைச் சொல்லுங்கள். தறியில் இருந்தபடியே கத்தாமல், கிட்டே போய்த் தோளைத் தொட்டுச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் பத்து நிமிடம். பிறகு மாடிப்படி ஏறி இறங்கி வரட்டும். மறுபடி பத்து நிமிடம். அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளியங்கொட்டை போட்டாள். ஒரு வேலை முடிந்தால் ஒரு கொட்டை. பத்து சேர்ந்தால் அன்று சாயங்காலமே தம்பியோடு கிரிக்கெட், மாமாவும் வந்து பந்து போட வேண்டும். ‘முழுப் பரீட்சையில ஃபர்ஸ்ட் வந்தா சைக்கிள்’ என்பது இந்தப் பிள்ளைகளிடம் செல்லாது. ஏப்ரல் அவர்களுக்கு வேறு கிரகம்.

வகுப்பில் முதல் பெஞ்ச், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். நடுநடுவே கரும்பலகை துடைக்க, சாக்பீஸ் எடுத்துவர என்று எழுப்பிவிடச் சொல்லிக் கேளுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சரிடம் இதற்கு மேல் கேட்டால் நடக்காது.

அடி பலிக்காது. பலித்திருந்தால் எங்கள் பையன் இரண்டாம் வகுப்பிலேயே சரியாகியிருப்பான்.

படி 6: மருந்துச் சண்டையில் இரு பக்கமும் சொல்வதைக் கேளுங்கள்

முக்கிய மருந்தின் பெயர் மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் சீபா கம்பெனியின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிஸோன் தயாரித்தது. அவர் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயர் ரீட்டா. மருந்துக்கு ‘ரிட்டாலின்’ என்று பெயர் வந்தது அதனால்தான். அதற்கும் முன்னால், 1937-இல், அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர் பென்ஸிட்ரின் என்ற ஊக்க மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, அவர்கள் அமைதியாகிப் பாடத்தில் முன்னேறியதைப் பதிவு செய்திருந்தார்.

ஆக, பக்கத்து வீட்டுக்காரர் பயந்தது வெறும் வதந்தி அல்ல. இது ஊக்க மருந்துதான். தவறாகப் பயன்படுத்தினால் போதையாகும் இனம்தான். ஆனால் டாக்டர் சொன்ன அளவில் வாய்வழியாகச் சாப்பிடும் பிள்ளைகள் பின்னாளில் அதிகமாகப் போதைக்குப் போகிறார்கள் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளை பொம்மைபோல உட்கார்ந்தால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளமும் அல்ல. அளவு கூடியிருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அர்த்தம்.

நர்ஸ் சொன்ன சுகர் கணக்கும் முழுசாகப் பொருந்தாது. சர்க்கரையை ரத்தத்தில் அளக்கலாம். இதற்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. ஸ்கேனிலும் தெரியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1999-இல் அமெரிக்காவில் 579 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். கவனமும் துறுதுறுப்பும் என்று பார்த்தால், கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து, பயிற்சியை மட்டும் பெற்ற குழுவை முந்தியது. பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆனால் மூன்றாம் வருடம் திரும்பிப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. மருந்தை ஆதரிப்பவர்கள் முதல் பாதியைச் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வார்கள். 2015-இல் காக்ரேன் குழு 185 பரிசோதனைகளை ஆராய்ந்து, பலன் தெரிகிறது, ஆனால் சான்றுகளின் தரம் மோசம் என்றது. 2018-இல் லான்செட் இதழ் ஒன்றில் வந்த வேறொரு பெரிய தொகுப்பு, பிள்ளைகளுக்கு முதலில் பார்க்க வேண்டிய மருந்து இதுதான் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்லி வந்த கோரிக்கை 2019-லும் 2021-லும் ஏற்கப்படவில்லை.

அமெரிக்காவில் 2022 கணக்குப்படி 11.4 சதவீதப் பிள்ளைகளுக்கு எப்போதாவது இந்தப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அங்கே ‘அதிகமாகக் கொடுக்கிறோமோ’ என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை அப்படியே ஆரணிக்கு இறக்குமதி செய்வதுதான் எனக்கு உடன்பாடில்லை. நான் பார்த்தவரை இங்கே சிக்கல் வேறு: யாரும் சரியாகப் பரிசோதிப்பதில்லை, தொடங்கினால் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறோம், பலித்ததா என்று எழுதிவைப்பதில்லை. ஆயுளுக்கும் சாப்பிடுவதா வேண்டாமா என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு மாதம் பார்ப்போமா என்பதுதான் கேள்வி.

படி 7: தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், கேளுங்கள்

குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா? பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறதா? இதயத்தைப் பற்றிய இந்த இரண்டையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வலிப்பு, கண் சிமிட்டுவதுபோன்ற தன்னையறியாத அசைவுகள் இருந்தாலும் சொல்லுங்கள். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் அளந்து சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு மருந்து அடோமாக்ஸெடின். ஊக்க மருந்து இனம் அல்ல. பலன் தெரிய நான்கு, ஆறு வாரம்கூட ஆகும். பத்தாம் நாள் ‘ஒண்ணும் ஆகலை’ என்று நிறுத்துவதில் பொருளில்லை. தொடக்கத்தில் குமட்டல், தூக்கக் கலக்கம் வரலாம். அபூர்வமாகப் பிள்ளை மனம் ஒடிந்து சாவைப் பற்றிப் பேசினால் அன்றே டாக்டரிடம் போங்கள். இவை இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது எழுதினால், “இது எதுக்கு டாக்டர்?” என்று கேட்கத் தயங்காதீர்கள். தூங்க வைப்பது வேறு, கவனத்துக்கு உதவுவது வேறு.

படி 8: மருந்து வாங்குவது

மெத்தில்ஃபெனிடேட் ‘எக்ஸ்’ அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். தெருமுனை மெடிக்கலில் இல்லை என்று கையை விரிப்பார்கள், சிலர் உங்களை ஒரு மாதிரியாகவும் பார்ப்பார்கள். பார்த்த மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு நாள் குறித்துவிடுங்கள். ஆடி மாதமும் தீபாவளி ஆர்டரும் வரும்போது மறந்துபோகும். மாத்திரையைப் பீரோவில் பூட்டி வையுங்கள். ‘அவனுக்கு நல்லா கேக்குதே’ என்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 9: முதல் மாதம், ஒரு நோட்டு

சாதாரண மெத்தில்ஃபெனிடேட் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். நீண்ட நேர வகை பள்ளி முடியும்வரை தாங்கும். அதைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். எந்த அளவு பொருந்துகிறது என்பதை நீங்கள் கொண்டுபோகும் தகவலை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய முடியும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் ஐந்து விஷயம்: எத்தனை மணிக்குக் கொடுத்தோம், மதியச் சாப்பாடு மீதி வந்ததா, எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை கணக்கு முடித்தான், சாயங்காலம் எரிச்சலா அழுகையா. ‘பரவாயில்லை’ என்று எழுதாதீர்கள். அக்கா எழுதிய ஒரு நாள்: “கா. 8.10. டிபன் பாக்ஸில் பாதி லெமன் சாதம். கணக்கு 12க்கு 11. 5 மணிக்கு தம்பியை அடித்தான். இரவு 10.45.” டாக்டர் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்தார். மருந்து இறங்கும் நேரத்தில் சிலருக்கு இப்படி எரிச்சல் வரும் என்றார்.

படி 10: பசி, தூக்கம், உயரம்

பசி குறைவதுதான் மிக அதிகமாக வரும் தொந்தரவு. காலையில் வயிறு நிறைய இட்லி, பிறகு மாத்திரை. மதியம் சாப்பிடாவிட்டால் சண்டை போடாதீர்கள். சாயங்காலம் பசி திரும்பும். அப்போது வேர்க்கடலை உருண்டை, முட்டை, இரவு நல்ல சாப்பாடு. தூக்கம் தள்ளிப்போனால் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

உயரத்தைப் பற்றிய பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. நான் சொன்ன அந்த 579 பிள்ளைகளில், தொடர்ந்து மருந்து எடுத்தவர்கள் மூன்று வருடத்தில் எடுக்காதவர்களைவிட ஏறத்தாழ 2 செ.மீ. குறைவாக வளர்ந்திருந்தார்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

படி 11: பிள்ளையிடம் என்ன சொல்வது

‘சத்து மாத்திரை’ என்று பொய் சொல்லாதீர்கள், ஒருநாள் தெரிந்துவிடும். அதைவிட மோசம், சேட்டை செய்தவுடன் எல்லோர் முன்னாலும் “இன்னிக்கு மாத்திரை போட்டியா இல்லையா?” என்று கேட்பது. எங்கள் ஆயா ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டார். மறுநாள் மாத்திரை துளசி மாடத்தில் கிடந்தது. நல்ல மார்க் வந்தால் அது அவன் வாங்கிய மார்க். மாத்திரை வாங்கியதல்ல.

படி 12: நிறுத்திப் பார்ப்பது

வருடத்துக்கு ஒருமுறை, இன்னும் தேவைதானா என்று டாக்டர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்க்கலாம். பலர் மே மாத லீவில் நிறுத்திவிட்டு, “பாருங்க, நல்லாத்தானே இருக்கான்” என்கிறார்கள். லீவில் யார்தான் நன்றாக இல்லை? பள்ளி திறந்து பழகிய பிறகு, காலாண்டுப் பரீட்சைக்கு வெகு முன்னால், ஜூலையில் இரண்டு வாரம் சரியான நேரம். பள்ளியில் முன்கூட்டிச் சொல்லாமல், முடிந்த பிறகு மட்டும் விசாரியுங்கள். தெரிந்தால் மிஸ்ஸின் கண்ணும் மாறிவிடும்.

போன ஜூலையில் நாங்களும் நிறுத்தினோம். கணக்கு மிஸ் மூன்றாம் நாளே போன் செய்து, “என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். தமிழ் மிஸ்ஸிடம் இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்டால், “இல்லையே, எப்பவும் போலத்தான் இருக்கான். இப்ப கொஞ்சம் அதிகமாப் பேசுறான், கதையெல்லாம் சொல்றான்” என்றார். அக்கா இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள்.